தோப்புக்கு வந்த குளிர்பெட்டி

அபுதாஹிர் தம்மாமிலிருந்து கொண்டுவந்த சோப்பும் செண்டும் போர்வையும் சொந்தக்காரர் வீடுகளுக்குப் பிரிந்து போயாகிவிட்டது. அந்த நீலப் பெட்டியை மட்டும் அவன் யாரையும் தொடவிடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், "அது எங்க அக்கா மகளுக்கு" என்று ஒரே பதில். அவன் வேலை பார்த்த அரபி, பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்கப் போகும்போது ஜீப்பில் வைத்துக்கொண்டு போகிற பெட்டி அது. பழசாகிவிட்டதென்று அரபி கழித்துக்கட்ட, இவன் கேட்டு வாங்கி, பச்சைப்பிள்ளையைத் தூக்கிவருவதுபோல் கொண்டுவந்திருந்தான். கரண்டு இல்லாத இடத்திலும் பேட்டரியில் ஓடும், உள்ளே வைத்தது ஜில்லென்று இருக்கும் என்பது அவன் பேச்சு.

அந்தப் பேச்சை நம்பித்தான் அவன் அக்கா அசீனா அந்த வருசம் தோப்புக்கே வந்தாள்.

மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையை ஒட்டின மாந்தோப்பு ஒன்றை அவள் புருசன் சேக் முகைதீன் குத்தகைக்குப் பிடித்திருந்தார். பூவில் விலை பேசி, பிஞ்சில் காவலைப் போட்டு, காய் முற்றியதும் குடும்பத்தோடு தோப்பில் போய் இறங்கிவிடுவார். சித்திரை தொடங்கினால் வைகாசி முடிகிறவரை அவர்களுக்கு வீடு என்பது பனையோலைக் குடிசைதான். பறிக்கிற ஆளுக்குக் கஞ்சி காய்ச்சவும், காயைத் தரம் பிரிக்கவும், வைக்கோலில் பழுக்கப் போடவும் அசீனா இல்லாமல் ஆகாது. ஊரின் கடைசி மின்கம்பத்திலிருந்து அங்கே போகக் காட்டுப்பாதையில் வெகுதூரம் நடக்க வேண்டும்.

மகள் நூர்பானுவுக்குப் பதின்மூன்று வயது. வயசுக்கு வருகிற காலத்தில் பிள்ளை வற்றிக்கொண்டே போகிறாளே என்று ராஜபாளையத்து டாக்டரிடம் காட்டியபோதுதான், சர்க்கரை என்றார்கள். கிழடு கட்டைகளுக்கு வருவதல்லவா அது என்று அசீனா சண்டைக்கே போய்விட்டாள். இது வேறு சர்க்கரை, காலையில் ஊசி போட்டால்தான் உயிர், சாகிறவரைக்கும் போட வேண்டும் என்றார் டாக்டர். அசீனா மாங்காயில் குத்திக் குத்திப் பழகிவிட்டுத்தான் மகள் தொடையில் குத்தினாள். அவளைத் தவிர வேறு யாரிடமும் பிள்ளை ஊசிக்குக் கால் நீட்டமாட்டாள். அதனால் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வரவும் வழியில்லை.

போன வருசம் மருந்துக் குப்பியை ஈரமணலில் புதைத்த மண்கலயத்தில் வைத்திருந்தார்கள். கத்திரி வெயிலில் கிணறு வற்றி, மணல் காய்ந்து, மருந்து கெட்டுப் பிள்ளை மயங்கி விழுந்தாள். டாக்டர் கத்தினார். "மாம்பழம் மாதிரி நெனச்சுக்கோங்கம்மா. வெக்கையில வச்சாக் கெட்டுப் போயிரும்." இன்னொரு தடவை இப்படி வந்தால் தன்னிடம் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அசீனா அந்த வார்த்தையை மறக்கவில்லை.

இப்போது பெட்டி வந்துவிட்டது. பெட்டிதான் ஓடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அபுதாஹிர் வீட்டுச் சுவரில் கரண்டு வயரை மாட்டியபோது உர்ரென்று விசிறி சுற்றிய பெட்டி, தோப்பில் வேப்பமரத்தடியில் பேட்டரியோடு சேர்த்ததும் ஊமையாகிவிட்டது. பேட்டரி, மம்சாபுரம் இருளப்பசாமியின் மைக் செட்டுக் கடையில் வாடகைக்கு எடுத்தது. பேட்டரிக்கென்று இருந்த வேறு வயரின் நுனியில் ஜீப்பில் சொருகுகிற உருண்டைப் பிளக் இருந்தது. ஜீப்புக்கு எங்கே போவது? அபுதாஹிர் அதன் மூக்கில் ஒரு கம்பியும் விலாவில் ஒரு கம்பியும் சுற்றி, பேட்டரியில் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சத்தமில்லை.

"பேட்டரி செத்ததாக் குடுத்துட்டானோ பாய்?" என்றார் சங்கையா. தோப்புக் காவல்காரர். எந்த வேலை நடந்தாலும் பக்கத்தில் குத்தவைத்து ஒரு சந்தேகம் சொல்வது அவர் வழக்கம்.

சேக் முகைதீன் ஒரு லாரி பல்பை எடுத்துவந்து பேட்டரியில் வைத்தார். பட்டப்பகலிலும் கண்ணைப் பறித்தது.

"பேட்டரி மேல குத்தமில்ல மாப்ளே. பல்பு எப்படி எரியுது பாரு. ஒம் பெட்டியிலதான் கோளாறு."

"அங்க ஓடுனது மச்சான். நான் கண்ணால பாத்திருக்கேன். தண்ணி வச்சா பல்லு கூசும்."

"அங்க ஓடுனா அங்கயே வச்சிருக்கணும்லே," என்றாள் அசீனா. சொன்ன பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்து அவளுக்கே கஷ்டமாகிவிட்டது. "சரி, நல்லாப் பாரு. எங்கயாவது விட்டுப் போயிருக்கும்."

பேட்டரிக் குமிழில் பூத்திருந்த வெள்ளை உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவினார்கள். அரிவாள் முதுகால் சுரண்டினார்கள். வயரை முறுக்கிவிட்டார்கள். பெட்டியைச் சாய்த்தார்கள், தட்டினார்கள், நிழலுக்கு இழுத்தார்கள்.

"அரபிநாட்டுச் சாமானுக்கு நம்ம ஊருத் தண்ணி சேரலியோ என்னமோ," என்றார் சங்கையா.

"அதுக்கு எதுக்கு அண்ணாச்சி தண்ணி? பேட்டரியில ஓடுதது," என்றாள் அசீனா.

"பேட்டரிக்குள்ள ஊத்துறது தண்ணிதானம்மா?"

சேக் முகைதீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கேட்டார். "ஏன் மாப்ளே, வார வழியில எங்கயாவது மாட்டிப் பாத்தியா?"

அபுதாஹிர் தலையைச் சொறிந்தான். "மதுரையில இருந்து சாமான் ஏத்திட்டு வந்த லாரியில ஒரு தடவ... டிரைவர் ஓட்டிக்காட்டுன்னாரு. செத்த நேரம் ஓடுச்சு. பொறவு நின்னுருச்சு. போதும்னு எடுத்து வச்சுட்டேன்."

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அபுதாஹிர் பஸ் ஏறினான். அசீனாவும் கூடவே போனாள். ஆம்பிளைகள் கோளாறை ஒழுங்காக எடுத்துச் சொல்லமாட்டார்கள் என்பது அவள் எண்ணம். கீழரத வீதிப் பக்கம் ரேடியோக் கடை வைத்திருந்த சௌந்தரபாண்டியன், அந்த உருண்டைப் பிளக்கைத் திருகிக் கழற்றினார். உள்ளே விரல்கணு நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழல். அதற்குள் கம்பி கருகி, கண்ணாடி புகை பிடித்திருந்தது.

"லாரியில ரெண்டு பேட்டரி சேத்துல்லா போட்டிருப்பான். அம்புட்டுக் கரண்டை இது தாங்குமா தம்பி? நல்லவேள, ஃபியூஸ் போய் பெட்டி பொழச்சிருக்கு."

"இத மாத்துனா ஓடுமா?" என்றாள் அசீனா.

"ஓடும்மா. இந்தப் பிளக்கு உங்களுக்கு எதுக்கு? வெட்டிப்போட்டு, நடுவுல ஃபியூஸ் வச்சு, ரெண்டு கிளிப்பு போட்டுத் தாரேன். வெள்ளக்கோடு போட்ட வயர் பிளஸ். வெறுங்கருப்பு மைனஸ். மாத்திக் குடுத்துராதீய."

அசீனா 'வெள்ளக்கோடு பிளஸ்' என்று பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். பிளஸ் என்றால் பேட்டரியில் எது என்பதைத் தம்பி பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டாள்.

வேப்பமரத்தடியில் கிளிப்பைக் கடிக்கவிட்டதும் பெட்டி உர்ரென்றது. நூர்பானு கையைத் தட்டினாள். சங்கையா எழுந்து நின்றுகொண்டார். அன்று சாயங்காலம் உள்ளே வைத்த செம்புத் தண்ணீரை எடுத்து ஆளுக்கு ஒரு மிடறு குடித்தார்கள். பல் கூசவில்லை என்றாலும் நல்ல குளிர்ச்சி. அசீனா கலயத்தில் கிடந்த புதுக்குப்பிகளையெல்லாம் எடுத்துத் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்கினாள். ஏற்கெனவே உடைத்துப் பாதி தீர்ந்திருந்த குப்பியை மட்டும், அன்றாடம் எடுக்க வேண்டுமே என்று கலயத்திலேயே விட்டுவைத்தாள்.

"சும்மா சும்மா திறக்காதக்கா. குளிர் வெளிய போயிரும்," என்றான் அபுதாஹிர்.

"அதெல்லாம் எங்களுக்குச் சொல்லணுமா மாப்ளே?" என்றார் சேக் முகைதீன். "பழுக்கப் போட்டா வைக்கோலக் கலைச்சுப் பாப்போமா? மூடுனது மூடுனதுதான்."

அது பேச்சுக்குச் சொன்னதல்ல. அவர்கள் தொழிலில் அது கண்டிப்பு. காயை வைக்கோலில் பரப்பி மூடிவிட்டால், நாள் ஆகிறவரைக்கும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலே சேக் முகைதீன் எரிந்து விழுவார். பிள்ளைகள் தொட்டால் அடி விழும். பொறுமை கெட்டவன் பழ வியாபாரத்துக்கு லாயக்கில்லை என்பார். அந்தப் பொறுமையை அவர்கள் அப்படியே பெட்டிக்கும் கொடுத்தார்கள்.

அபுதாஹிர் திரும்பிப் போகிற விசா வேலையாக பம்பாய்க்கு ரயிலேறினான். அவன் போன மறுநாளே பேட்டரி இறங்கி, விசிறி முனக ஆரம்பித்தது. சேக் முகைதீன் அதை மொபெட்டில் கட்டிக்கொண்டு போய் இருளப்பசாமியிடம் கொடுத்தார். சார்ஜ் ஏற நாளாகும், அதுவரைக்கும் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் வேறொரு பேட்டரியைக் கொடுத்தனுப்பினார். அதுவும் அதே உயரம், அதே கருப்பு, மேலே அதே அழுக்கு.

"எந்த வயரு எந்தப் பக்கம் அசீனா?" சேக் முகைதீன் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

அசீனா தம்பி மாட்டும்போது கவனமாகப் பார்த்து வைத்திருந்தாள். யோசிக்கவே இல்லை. "கோடு போட்டது வேப்பமரத்துப் பக்கம். கருப்பு குடிசப் பக்கம்."

"நல்லாத் தெரியுமா?"

"ஏங்க, நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன்."

அவள் சொன்னது பொய்யில்லை. முதல் பேட்டரியில் பிளஸ் வேப்பமரத்துப் பக்கம்தான் இருந்தது. புதுப் பேட்டரியில் அது குடிசைப் பக்கம் இருந்ததை அவர்கள் யாரும் பார்க்கவில்லை. கிளிப் கடித்ததும் விசிறி உர்ரென்றது. ஓடாத பெட்டிதான் அவர்களுக்குப் பயம். ஓடுகிற பெட்டியை யார் சந்தேகப்படுவார்கள்? அசீனா முந்தானையால் மூடியைத் துடைத்துவிட்டு, அதன்மேல் ஈரச்சாக்கைப் போட்டாள்.

அடுத்த இரண்டு பகலும் பறிப்பு. சப்பட்டை, பஞ்சவர்ணம் இரண்டு ரகமும் ஒன்றாக முற்றி நின்றன. மலைமேல் மேகம் ஏறுவதும், மழை இந்தா வந்துவிட்டதென்று எல்லோரும் அண்ணாந்து பார்ப்பதும், மேகம் கேரளத்துப் பக்கம் நழுவிவிடுவதுமாக இருந்தது. காற்றுக்கு முந்திப் பறித்தாக வேண்டும். ஆட்கள் வலை கட்டின தொரட்டியோடு மரமேறினார்கள். காம்புப் பால் தெறித்த இடமெல்லாம் தோல் வெந்தது. பெத்தம்மாளும் மற்றப் பெண்களும் காம்பைக் கிள்ளிக் கவிழ்த்துப் பாலை வடித்தார்கள். சங்கையாவின் பெண்சாதிதான் பெத்தம்மாள். கம்மங்கஞ்சியும் கருவாடும் மாங்காய்த் துண்டுமாக அசீனா ஊற்றி ஊற்றி ஓய்ந்தாள். நடுநடுவே பெட்டிப் பக்கம் காதைக் கொடுப்பாள். உர்ரென்ற சத்தம் கேட்கும். மனசு நிறைந்துபோகும். எப்பேர்ப்பட்ட தம்பி என்று நினைத்துக்கொள்வாள்.

சத்தம் நின்ற காலையில்தான், கலயத்துக் குப்பியும் காலியானது. அசீனா சாக்கை எடுத்துவிட்டு மூடியைத் திறந்தாள். வெக்கை முகத்தில் அடித்தது. கையை உள்ளே விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். குப்பிகள், இட்லிச் சட்டியிலிருந்து எடுத்ததுபோல் இருந்தன.

"ஏங்க... இங்க வாங்களேன். சுடுதுங்க."

சேக் முகைதீன் குப்பியை வாங்கிக் கையில் உருட்டினார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "பேட்டரி நின்னதும் வெயில்ல சூடாயிருச்சோ?"

"நெழல்லதான இருக்கு. அதுமேல ஈரச்சாக்கு வேற."

அவர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பால்போல் இருக்கும் மருந்து. இப்போதும் பால்போலத்தான் இருந்தது, அடியில் கொஞ்சம் ரவைபோல ஒட்டியிருந்தது. உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினார், குலுக்கினார். ரவை பாதி கரைந்தது. ரப்பர் மூடியை முகர்ந்து பார்த்தார்.

"வாசம் மாறல. நெறம் மாறல. கெட்ட சாமான்னா ஒரு வாட வருமே. பழம் அழுகினா நமக்குத் தெரியாமயா போவும்?"

"எனக்கு மனசு ஒப்பலங்க."

"எனக்கு மட்டும் ஒப்புதா? லாரி இன்னிக்கு ராஜபாளையம் மண்டிக்குப் போவுதுல்ல, டிரைவர்ட்ட மருந்துச் சீட்டக் குடுத்துவிடுதேன். கடையில இருப்பு இல்லைன்னா மதுரையிலேர்ந்து வரணும். அது வாரவரைக்கும் பிள்ளைக்கு ஊசி போடாம வச்சிருக்கவா? அதுதானே கூடாதுன்னாரு டாக்டர்? தண்ணியில போட்டு ஆறவச்சுப் போடு. ஒன்னும் போடாததுக்கு இது மேல்."

அசீனா ரவையைப் பார்த்தாள். பார்த்ததைச் சொல்லவில்லை. குப்பியை மணலில் புதைத்து ஆறவைத்து, ஊசியில் ஏற்றினாள். நூர்பானு காலை நீட்டிக்கொண்டு, வழக்கம்போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் பிள்ளைக்குத் தாகம். குடம் குடமாய்க் குடித்தாள், குடித்ததைவிட அதிகமாய் மரத்தடிக்கு ஓடினாள். கத்திரி வெயில், எல்லோருக்கும்தான் தாகம். அசீனா மறுபடி ஊசி போட்டாள். அதற்கடுத்த நாள் வாந்தி. பெத்தம்மாள், "சூடு பிடிச்சிருக்கும்மா, எளநீ குடு" என்று ஒன்றை வெட்டிக்கொண்டுவந்தாள். ராஜபாளையத்திலிருந்து திரும்பிய லாரியில் மருந்து வரவில்லை. சரக்கு நாளை வரும் என்று கடையில் சொன்னார்களாம்.

நூர்பானு குடிசையில், பழுக்கப் போட்ட வைக்கோல் குவியலுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள். ஓடிவந்தவள்போல் மூச்சு வாங்கியது.

"அம்மா, தலையணைய நிமித்தி வையி."

"எங்கம்மா வலிக்கி?"

"வலிக்கல. களைப்பா வருது. அத்தா எங்க?"

"கூடை தைக்காரு. கூப்பிடவா?"

"வேண்டாம். வேலயப் பாக்கட்டும்."

பிறகு அசீனா கூப்பிட்டதற்குப் பிள்ளையிடமிருந்து பதில் வரவில்லை. சேக் முகைதீன் தைத்த கூடைகளைத் தள்ளிவிட்டு லாரி ஓட்டுநரை எழுப்பினார். பாதி ஏற்றிய மாங்காயோடேயே லாரி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பறந்தது. மடியில் கிடந்த மகளின் மூச்சு, அசீனாவின் கழுத்தில் சூடாகப் பட்டுக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் பிள்ளையின் வாய்ப்பக்கம் குனிந்தார். குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "ஏம்மா, வாயில பழ வாசம் இப்படி அடிக்கே. சர்க்கரை தலைக்கு மீறிப் போனாத்தான் இந்த வாசம் வரும். எப்பருந்து அடிக்குது? நீங்க கவனிக்கவே இல்லையா?"

"நாங்க மாந்தோப்புல இருக்கோம் டாக்டர்," என்றாள் அசீனா.

சலைன் பாட்டில்கள் மாறின, ஊசிகள் ஏறின, நர்ஸ்கள் ஓடினார்கள். வாசலில் நின்ற லாரியின் மாங்காயை ஈ மொய்த்தது. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த சற்று நேரத்தில் நூர்பானுவின் மூச்சு அடங்கிவிட்டது.

அபுதாஹிருக்குத் தந்தி போய், அவன் பம்பாயிலிருந்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்து பிள்ளைக்குப் பாத்திஹாவும் ஓதியாகிவிட்டது. மம்சாபுரத்தில் அக்கா குடியிருந்த வாடகை வீட்டில் வந்து உட்கார்ந்தான். பிறகு எழுந்து தோப்புக்கு நடந்தான். அக்காவும் மச்சானும் பின்னால் போனார்கள். குத்தகை முடியவில்லை. காய் மரத்தில்தான் இருந்தது. அவர்கள் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது.

பெட்டி போட்டது போட்டபடி வேப்பமரத்தடியில் கிடந்தது. கிளிப்புகள் பேட்டரியைக் கடித்தபடி இருந்தன. அபுதாஹிர் குனிந்து பேட்டரியின் அழுக்கைக் கட்டைவிரலால் தேய்த்தான். கூட்டல்குறி தெரிந்தது. அதில் வெறுங்கருப்பு வயர் மாட்டியிருந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வயர மாத்திக் குடுத்தா இது சூடாக்கும்க்கா. அரபி வீட்ல சோறு ஆறாம இருக்க இதத்தான் திருப்பி மாட்டுவாக. எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல. உங்களுக்கு எதுக்கு அதுன்னு சொல்லாம விட்டுட்டேன்."

தூரத்தில் சங்கையா கிளியை விரட்ட டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அபுதாஹிர் அழுகையோடு தலையை நிமிர்த்தினான். "இந்தப் பேட்டரிய யாரு மாட்டுனது? ஏன் மச்சான், யாரு மாட்டுனது?"

"நான்தான்," என்றார் சேக் முகைதீன்.

"நான்தான்," என்றாள் அசீனா.

இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. அபுதாஹிர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். சேக் முகைதீன் மனைவி பக்கம் திரும்பி, "நீ சும்மா இரு. கிளிப்பக் கையில பிடிச்சது நான்," என்றார்.

"பக்கத்தச் சொன்னது நான்."

"ஆறவச்சுப் போடச் சொன்னது யாரு? நான்ல்லா?"

"ரவையப் பாத்தது நான். பாத்துக்கிட்டே ஊசியில ஏத்துனேன். எம்பிள்ள என்னய நம்பித் திரும்பிக்கிட்டா."

அவர் விடவில்லை. அவளும் விடவில்லை. ஒரு குற்றத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு, அந்த மரத்தடியில் புருசனும் பெண்சாதியும் வாழ்க்கையில் முதல்முறையாக அப்படியொரு சண்டை போட்டார்கள். அபுதாஹிர் அவர்களை விலக்கிவிடாமல் கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். பறிப்பு ஆட்கள் தொரட்டியோடு வந்து கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்.